மலையண்ணை தேடிப்போன மலை

வன்னியில் மலை தேடிப் புறப்பட்ட மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். மாங்குளத்தில் ஏ-ஒன்பது வீதியோரம் டயர் ஒட்டும் கடை வைத்திருக்கும் எங்கள் மலையண்ணை. அந்தக் கடையின் பின்னறையில் நான் வாடகைக்கு இருப்பதால் அந்தக் கூத்தில் எனக்கும் பங்கு கிடைத்தது.

எங்கள் பக்கத்துத் தரை தோசைக்கல் மாதிரித் தட்டை. அண்ணை பெண் கேட்டுப் போனதோ ஹட்டனுக்கு. "மலையைப் பார்த்து வளர்ந்த புள்ள. ஒங்க ஊர்ல மலை இருக்குங்களா?" என்று பெண்ணின் தாயார் கேட்டிருக்கிறார். "ஓம் மாமி, எங்கட கனகராயன் ஆறே மலையிலயிருந்துதான் வருது" என்று விட்டார் அண்ணை ஒரு புளுகு. கல்யாணமும் முடிந்தது. மாமியாருக்கு முழங்கால் வலி இருந்தவரை அண்ணைக்கு நிம்மதியும் இருந்தது. இந்த மாசியில் வலி சுகமாகிவிட்டது.

"தம்பி, ஞாயிற்றுக்கிழமை மாமி மலை பாக்க வாறா. மலை இல்லாட்டி மகளைக் கையோட கூட்டிக்கொண்டு போயிடுவா. வெளிக்கிடு."

மோட்டார் சைக்கிளில் ஆற்றோடு தெற்கே போனோம். ஆறு மருத மரங்களுக்குள் ஒளிந்தது, வயலோரம் தலைகாட்டியது, சில இடங்களில் வெறும் மணலாகக் கிடந்தது. முல்லைத்தீவு மாவட்டம் முடிந்து வவுனியா தொடங்கியது. மலை மட்டும் தொடங்கவில்லை. மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் அண்ணை விசாரித்தார்.

"ஐயா, இந்த ஆறு வாற மலைக்கு எப்பிடிப் போறது?"

அவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். "மலைக்கோ? வவுனியாவில கண்டி பஸ் எடுங்கோ."

கடைசியில் ஆற்றங்கரையில் ஒரு கற்பாறை அகப்பட்டது. எங்கள் கடைக்கூரை உயரம் இருக்கும். அண்ணை அதில் ஏறி நின்று, "மேல நல்லாக் குளிருது" என்றார். கீழே எனக்கு வியர்த்துக் கொட்டியது.

ஞாயிற்றுக்கிழமை மாமியையும் அண்ணையின் மனைவி அக்காவையும் ஓட்டோவில் அங்கே கூட்டிப்போனோம். மாமி பாறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"மாப்பிள்ள, மலை எங்கங்க?"

அண்ணையின் முகம் செத்துப்போயிற்று. "மலை இல்லை மாமி. உண்மையைச் சொன்னா பொம்பிளை தரமாட்டியள் எண்டு பொய் சொல்லிப்போட்டன்."

மாமி மகளைப் பார்த்தார். பயந்துகொண்டே நானும் பார்த்தேன். அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு அப்பவே தெரியும்மா. பள்ளிக்கூடத்துல மேப்பு பார்த்திருக்கேன்ல. இந்த ஒரு பொய்யச் சொல்றதுக்குள்ள இவருக்குச் சட்டையெல்லாம் நனைஞ்சிருச்சு. அதப் பார்த்துத்தான் சரின்னேன்."

மாமிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மருமகனின் கையைப் பிடித்துக்கொண்டு பாறையில் ஏறத் தொடங்கினார்.

வெளியூர்க்காரர் யாராவது கேட்டால், மாங்குளத்துக்குப் பக்கத்தில் மலை இருக்கிறது என்றுதான் இப்போது நானும் சொல்கிறேன். அந்த மனிதரை எப்படி விட்டுக்கொடுப்பது?