தங்க டிராகனும் ஐந்து டப்பாக்களும்

சக்கரத்துக்குப் பிறகு மனித குலம் கண்டுபிடித்த மகத்தான பொருள் எங்கள் 'பரவசப் பெட்டி'தான். செல்போன் விளையாட்டில் காசு கட்டி அதைத் திறந்தால் தங்க டிராகன் வரலாம். கிழிந்த செருப்பும் வரலாம். இதைச் சூதாட்டம் என்பவர்கள் கற்பனை வறண்டவர்கள். இது 'எதிர்பார்ப்புச் சேவை'. அந்தப் பிரிவின் தலைமை அதிகாரி அடியேன்.

ஒரே ஒரு சின்ன நிர்வாக விஷயம்: தங்க டிராகனை நாங்கள் இன்னும் வரையவில்லை. ஓவியர் நீண்ட விடுப்பில் இருக்கிறார்.

"எதுக்கு அவசரம்? வரைஞ்சா குடுக்கணும்ல?" என்றார் மேனேஜர். கூட்டமே கைதட்டியது.

இந்தப் பெருமையை ராத்திரி சாப்பாட்டில் வீட்டாரிடம் சொன்னேன். பள்ளி விடுமுறையில் இருந்த மகள் பாதியில் எழுந்து போய்விட்டாள். சைக்கிளுக்காகச் சேர்த்த பணம் முழுவதையும் அவள் டிராகனுக்காக எங்கள் பெட்டியில் விட்டிருந்தது எனக்கு எப்படித் தெரியும்? மனைவிக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் காலை மனைவி என்னிடம் ஐந்து டப்பாக்களை நீட்டினாள். ஒவ்வொன்றிலும் ஒரு குட்டி நம்பர் பூட்டு.

"ஒண்ணுல சாப்பாடு இருக்கலாம். நம்பர் வேணும்னா போன் பண்ணுங்க. ஒரு நம்பருக்கு ஒரு வேலை."

தொழில் பக்தி வீட்டுக்குள்ளும் பரவியதில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மதியம் அலுவலகமே என் மேசையைச் சுற்றி நின்றது. பாத்திரம் தேய்ப்பதாக ஒப்புக்கொண்டு முதல் டப்பாவைத் திறந்தேன். ஒரு ஸ்பூன்.

"ஸ்பூன் வந்தா சாப்பாடு பக்கத்துலதான் சார்!" என்றார் கணக்குப் பிரிவுக்காரர்.

துணி துவைக்க ஒப்புக்கொண்டேன். ஒற்றை சாக்ஸ். ஒட்டடை அடிக்க ஒப்புக்கொண்டேன். அதன் ஜோடி.

"செட்டு சேர்ந்துருச்சு! விட்டுடாதீங்க!" மேனேஜர் துள்ளிக் குதித்தார்.

கழிவறை கழுவுவதற்குக் கிடைத்தது வெறும் காற்று. எனக்குப் பசியில் காது அடைத்தது. ஆனாலும் இத்தனை தூரம் வந்துவிட்டு விடுவதா? ஆயுள் முழுக்கக் குப்பை கொட்டுவதாகச் சத்தியம் செய்து ஐந்தாவதைத் திறந்தேன்.

கிழிந்த செருப்பு.

போனை ஸ்பீக்கரில் போட்டுக் கத்தினேன். "சாப்பாடு எங்கடி?"

"இன்னும் சமைக்கவே இல்லீங்க. சமைக்கிறவ நீண்ட விடுப்புல இருக்கா."

"இது பச்சை மோசடி! நான் போலீசுக்குப் போறேன்!"

போனில் மகளின் குரல் கேட்டது.

"போகும்போது என்னையும் கூட்டிட்டுப் போங்கப்பா. என்கிட்டயும் நிறைய செருப்பு இருக்கு."