ஐந்துக்குக் கீழே

திரையில் ஒன்பது என்று காட்டியது.

கிருஷ்ணப்பிரியா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள். ஒன்பதுதான்.

"நேத்து நாலு காட்டுச்சு சார்." அவள் குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

"பரவாயில்லம்மா, இன்னும் நேரம் இருக்கு," என்றார் உலகநாதன்.

டெல்லியிலிருந்து வந்திருந்த அதிகாரி அவர். பொக்லைன், டிராக்டர், ஜெனரேட்டர் என்று சாலைப் போக்குவரத்தில் சேராத டீசல் எஞ்சின்கள் எவ்வளவு கரி கக்கலாம் என்பதற்குப் புது வரம்பு எழுதும் குழுவில் இருந்தார். பத்துக்குக் கீழே யாராலும் முடியாது என்று பெரிய கம்பெனிகள் எழுதிக் கொடுத்திருந்தன. ஐந்துக்குக் கீழேயே முடியும் என்று ஒரே ஒரு கடிதம், அம்பத்தூர் எஸ்டேட்டில் எஞ்சின் செய்யும் இந்தச் சின்னப் பட்டறையிலிருந்து போயிருந்தது. எழுதியவள் கிருஷ்ணப்பிரியா. அவளுக்கு நேரில் பேச வராது, கடிதத்தில் வரும்.

பன்னிரண்டு மணிக்கு அவர் விமான நிலையம் கிளம்ப வேண்டும். அதற்குள் ஐந்துக்குக் கீழே காட்டாவிட்டால் நாடு முழுக்கப் பத்துதான்.

தடித்த கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் பொக்லைன் எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. அதன் சைலன்சர் கூரையைத் தாண்டி வெளியே போனது. அதற்குள் செருகும் மெல்லிய ரப்பர் குழாய் வழியாகப் புகையை உறிஞ்சி, இந்தப் பக்கம் இருக்கும் கருவி எண் சொல்லும்.

"ஏர் ஃபில்டர் அடைச்சிக்கினு கீது மேடம்," என்றார் ஃபோர்மேன் தங்கவேல். "மாத்திட்டா சரியாப் பூடும்."

எஞ்சினை நிறுத்தி உள்ளே போனார். ஃபில்டரை மாற்றினார். வெள்ளிக்கிழமை என்பதால் அங்கே சுவரில் இருந்த சாமி படத்துக்கு முன்னால் காலையிலேயே சாம்பிராணி போட்டிருந்தார். வந்தது வந்தோம் என்று ஒரு கட்டி கற்பூரமும் ஏற்றிவிட்டு வந்தார்.

எஞ்சின் கிளம்பியது. பதினாலு.

"ஏறிடுச்சே அண்ணா!"

"புது ஃபில்டர் இல்ல? உங்கள மாதிரி, புது ஆளப் பாத்தா கூச்சப்படுது."

உலகநாதன் சிரித்தார். கிருஷ்ணப்பிரியா சிரிக்கவில்லை. சைலன்சரில் இருக்கும் கரி வடிகட்டி போதுமான அளவு சூடாகவில்லை, அதுதான் காரணம் என்று முடிவுக்கு வந்தாள்.

"ஃபுல் லோடுல பத்து நிமிஷம் ஓட்டலாம் அண்ணா."

எஞ்சின் அலறியது. மேஜைமேல் டீ கிளாஸ்கள் நடனமாடின. கூட்டிப் பெருக்கும் நாகம்மாள்தான் டீ கொண்டுவந்திருந்தாள். "இன்னா இது, தண்ணி லாரிகாரன் ஆரன் அடிக்கிற மாரி!" என்று காதைப் பொத்திக்கொண்டு போனாள்.

பத்து நிமிஷம் ஆயிற்று. பத்தொன்பது.

"எனக்குத் தெரிஞ்சிபோச்சு," என்றார் தங்கவேல். "கண்ணு மேடம். கடிதாசி எழுதி அத்தினி கம்பெனி மூக்கையும் ஒடச்சீங்களே, அவனுங்க சும்மா இருப்பானுங்களா?"

அவள் தடுப்பதற்குள் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு உள்ளே போய்விட்டார். ஏழு காய்ந்த மிளகாய், ஒரு பிடி உப்பு. எஞ்சினை மூன்று சுற்றுச் சுற்றி, அதற்குப் பதிலாகத் தானே துப்பி, சாம்பிராணித் தணலில் போட்டார்.

"இது எந்தத் தரநிலையில வருது?" என்று கேட்டார் உலகநாதன்.

கதவைத் திறந்துகொண்டு வந்த தங்கவேல், "வெள்ளிக்கெழம தரநிலை சார்," என்றார். "நெடியே வரல பாத்தீங்களா! அப்போ எத்தினி கண்ணு பட்டுகீது!"

நாற்பத்தொன்று.

மணி பதினொன்றே முக்கால். உலகநாதன் பேனாவைத் திறந்தார். "வருத்தப்படாதீங்கம்மா. பத்துன்னே எழுதிடறேன்."

கிருஷ்ணப்பிரியா கண்ணாடிக்கு அப்பால் பார்த்தாள். உள்ளே சாமி படம் தெரியவில்லை. எஞ்சினே பாதிதான் தெரிந்தது. எல்லாம் புகை.

"சார், எழுதாதீங்க!"

மூவருமே திடுக்கிட்டார்கள். இவ்வளவு பெரிய குரல் தன்னிடம் இருப்பது அவளுக்கும் இப்போதுதான் தெரிந்தது.

"எஞ்சின் அந்தச் சாம்பிராணியைத்தான் சார் மூச்சு இழுக்குது! உள்ள போறதுதானே வெளிய வரும்? அண்ணா, ஷட்டரைத் தூக்குங்க! தணலை வெளிய கொண்டு போங்க! ரெண்டு பெரிய ஃபேனையும் போடுங்க! கற்பூரம் கூடாது, மிளகாய் கூடாது, கொஞ்ச நேரம் நீங்களும் கூடாது!"

தங்கவேல் ஓடினார். ஷட்டர் கடகடவென்று ஏறியது. ஃபேன்கள் சுழன்றன. புகை மொத்தமும் பக்கத்து லேத் பட்டறைக்குக் குடிபோனது. அங்கிருந்து யாரோ திட்டினார்கள்.

முப்பது. பதினாறு.

"எறங்குது மேடம், எறங்குது!"

எட்டு. உலகநாதன் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டார். ஆறு. ஐந்து. தங்கவேல் கடைசி ஓவர் பார்ப்பதுபோல ஒற்றைக்காலில் நின்றார். நாலு!

தங்கவேல் போட்ட விசிலில் பக்கத்துப் பட்டறையின் திட்டு நின்றது.

மூன்று. இரண்டு. ஒன்று.

ஒன்று எப்படி வரும் என்று கிருஷ்ணப்பிரியாவுக்குள் ஒரு குரல் கேட்டது. அதுவும் அவள் குரல் மாதிரியே சன்னம். கைதட்டலில் காணாமல் போயிற்று.

"அஞ்சு எதுக்கும்மா?" உலகநாதன் எழுந்தே விட்டார். "ஒரு சின்னப் பட்டறையில ஒண்ணு வருதுன்னா எல்லாருக்கும் வரணும். ஒண்ணுன்னே போட்டுடலாம்! முதல் சோதனையும் உங்க எஞ்சினுக்குத்தான். உங்களுக்கென்ன பயம்?"

எழுதினார். கையெழுத்துப் போட்டார். திரையையும் தாளையும் சேர்த்துப் படம் எடுத்துக் குழுவில் எல்லோருக்கும் அனுப்பினார். அவள் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு ஓடிப்போய்க் காரில் ஏறினார். கார் எஸ்டேட் சாலையில் திரும்பும்வரை அவள் கையசைத்தாள்.

எஞ்சினை நிறுத்திவிட்டு, அதைத் தட்டிக்கொடுக்கலாம் என்று உள்ளே போனாள். நாகம்மாள் மிளகாய்ச் சாம்பலைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தாள்.

"மேடம், காலைல பெருக்கறப்போ கால்ல சிக்குதுன்னு அந்த சைலன்சர்லருந்து ஒரு ரப்பர் டியூப உருவி, ஓட்டைய மூடிட்டு, சாமி படத்தாண்ட ஆணில மாட்டி வெச்சேன், இப்பவாச்சும் எடுத்து சொருகிடட்டா?"