நெட்டைப் பிடுங்கி வைத்த நெட் சென்டர்

நெட் இல்லாமல் நெட் சென்டர் நடத்துகிற மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கடை வைத்திருக்கும் எங்கள் பென்டிரைவ் பாய்.

அவர் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு பென்டிரைவ் தொங்கும். கைரேகை மிஷின், பிரிண்டர் போன்றவற்றைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைக்கும் டிரைவர் மென்பொருள்கள் எல்லாம் அதற்குள் பத்திரம். நெட் வந்தால் கம்ப்யூட்டர் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு பழைய டிரைவரைத் துரத்திவிடும் என்று பயம். அதனால் வேலை முடிந்ததும் நெட் ஒயரைப் பிடுங்கி, பக்கத்து டீக்கடைக்காரரிடம் கொடுத்துவைப்பார். கடையிலேயே இருந்தால் கை சும்மா இருக்காதாம்.

யூஎஸ்பி ஒயரின் ஒரு முனை ஹோஸ்ட், கேள்வி கேட்கும். மறுமுனை டிவைஸ், கேட்டால் மட்டும் பதில் சொல்லும். திருமணப் பதிவுக்கு வரும் புதுஜோடிகளுக்கும் இதை விளக்குவார். "எங்க வூட்ல நான் டிவைஸு. அதான் டென்சன் இல்லாம ஓடுது" என்பார்.

ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டரான என் நைனா, தான் உயிரோடிருப்பதை வருஷா வருஷம் கைரேகை வைத்து நிரூபிக்க வேண்டும். இல்லாவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். போன வருஷம் கடைசி நாளில்தான் என்னையும் கூட்டிக்கொண்டு பாய் கடைக்குக் கிளம்பினார்.

கைரேகை மிஷினில் விளக்கே எரியவில்லை. முந்தின நாள் பாய் நெட் ஒயரைப் பிடுங்க மறந்திருக்கிறார். கம்ப்யூட்டர் டிரைவரைத் துரத்திவிட்டது. பாய் துக்க வீட்டில் நிற்பவரைப் போல நின்றார். பிறகு முட்டிபோட்டு, பென்டிரைவைக் கழுத்திலிருந்து கழற்றாமலே சொருகினார். கழற்றினால் தொலைந்துவிடுமாம். டிரைவர் ஏறி முடியும்வரை கம்ப்யூட்டரோடு கட்டுண்டு கிடந்தார்.

விளக்கு எரிந்தது. ரேகையை அனுப்ப நெட் வேண்டுமே? காலையில் கோபத்தோடு பிடுங்கிக் கொடுத்த ஒயரைப் பையில் போட்டுக்கொண்டு, டீக்கடைக்காரர் அவலூர்பேட்டை சந்தைக்குப் போயிருந்தார்.

வேறு ஒயர் வாங்கலாமே என்றேன்.

"கம்ப்யூட்டருக்கு அந்த ஒயருதான் பழக்கம்" என்றார் பாய்.

பக்கத்துத் தெரு சென்டருக்குப் போகலாம் என்று நைனாவின் காதில் சொன்னேன். "பாய் மனசு கஷ்டப்படும். பென்சன் போனா போவுது, உக்காருடா" என்றார்.

பாய் மொபெட்டில் கிளம்பினார். வெயிலில் சந்தை முழுக்கத் தேடி, மதியம் சாப்பிடாமல், சாயங்காலம் ஒயரோடு வந்து சேர்ந்தார். ஒருவழியாக நைனா உயிரோடிருப்பது அரசாங்கத்துக்குத் தெரிந்தது.

இந்த வருஷம் வீட்டிலேயே செல்போனில் முகத்தைக் காட்டினால் போதும் என்று நைனாவிடம் சொன்னேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார்.

"நான் உயிரோட இருக்கறத பாய் பாக்க வேணாமா?"