மச்சானுக்கு ஓட்டில்லாத ஊர்

என் அக்கா ஒரு எம்.பி.யின் மனைவியாகி டெல்லியில் குடியேற முடியாமல் போனதற்கு நான்தான் காரணம். இதை நான் என்றும் மறுத்ததில்லை. (மறுத்தால் மட்டும் அக்கா விட்டுவிடுவாளா?)

மச்சான், அதாவது அக்கா வீட்டுக்காரர், அப்போது எம்.எல்.ஏ. தல்லாகுளம் பக்கம் எந்தத் தெருவில் எந்தக் குழாய் ஒழுகுகிறது என்பதுவரை அவருக்கு மனப்பாடம். அந்த நம்பிக்கையில் கட்சி அவரை நாடாளுமன்றத் தேர்தலில் மதுரைத் தொகுதியில் நிறுத்தியது. எம்.எல்.ஏ. தேர்தலில் தெருத்தெருவாக நடந்து பழகியவர், இப்போது ஊர் ஊராகச் சுற்ற வேண்டும். எந்த நாள் எந்த ஊர் என்று திட்டம் போட ஓர் ஆள் தேவைப்பட்டது. நான் பட்டதாரி, சொந்தக்காரன், அதைவிட முக்கியம், வேலையில்லாதவன். உடனே அமர்த்திவிட்டார்கள்.

பிரசாரத்தின் கடைசி நாள். மாலையோடு மைக்கை அணைத்துவிட வேண்டும். போட்டியோ இழுபறி. ஆரப்பாளையத்தில் இரண்டு வார்டு பாக்கி இருந்தது.

"அதைச் சாயங்காலம் பாத்துக்கலாம் மச்சான். செக்கானூரணி தாண்டி எங்க அம்மா பிறந்த ஊரு இருக்கு. அந்த ஊருக்கே நீங்க மாப்பிள்ளை. ஒரு ஓட்டு வெளிய போகாது" என்றேன்.

"அந்தப் பக்கம் நம்ம ஆளுக யாருமே போகலையே மாப்ள" என்று இழுத்தார்.

"அதான் மச்சான், நாம போவோம்!" (என் அரசியல் ஞானம் உச்சத்தில் இருந்த நேரம் அது.)

ஊர் எல்லையிலேயே கொட்டு முழங்கியது. குலவை, ஆரத்தி, மாலை. வீட்டுக்கு வீடு இழுத்துப் போய்க் கலர் சோடா உடைத்துக் கொடுத்தார்கள். அம்மாவின் அண்ணன், என் தாய்மாமன், முன்னால் நின்று எல்லாவற்றையும் நடத்தினார். மாலைகளுக்குள் மச்சானின் மூக்கு மட்டும்தான் தெரிந்தது. மதியம் மூன்றுக்கு ஒருவழியாக ஜீப்பில் ஏறி, பெண் கொடுத்த ஊருக்கு நன்றி சொல்லிப் பேசத் தொடங்கினார்.

நான் பெருமையோடு மாமாவிடம் கேட்டேன்: "எம்புட்டு ஓட்டு மாமா தேறும்?"

"ஓட்டா? அது எப்படி மருமகனே விழும்? எங்களுக்கு எம்.பி. தொகுதி வேறயாச்சே!"

ரேஷன் கார்டில் மதுரை மாவட்டம் என்றிருந்தால் ஓட்டும் மதுரைக்குத்தான் என்று நம்பியவன் நான்.

"நேத்து போன்ல பேசும்போதே சொல்லக் கூடாதா மாமா?"

"மாப்பிள்ளைய ஊருக்குக் கூட்டிட்டு வாரேன்னு சொன்னே. வீட்டு மாப்பிள்ளைய வேணாம்னா சொல்லுவாக?"

மச்சானின் வேட்டியைப் பிடித்து இழுத்தேன். குனிந்தார். காதில் சொன்னேன். ஒரு கணம் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அங்கேயே பூமி பிளந்திருக்கலாம். பிறகு நிமிர்ந்து மைக்கைப் பிடித்தார்.

"எனக்கு ஓட்டுக் கேட்டு நான் வரலை. இங்க உங்க தொகுதியில நம்ம கூட்டணிக்காரர் நிக்கிறாரு. அவருக்குக் கேக்கத்தான் என் கடைசி நாளையே விட்டுட்டு வந்திருக்கேன்!"

விசில் பறந்தது. மாமா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நாங்கள் ஆரப்பாளையம் திரும்பியபோது நேரம் முடிந்திருந்தது. தட்டில் சூடம் அணைந்து போய்ப் பெண்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். மச்சான் பேச முடியாமல் கும்பிட்டபடியே போனார்.

கொஞ்ச ஓட்டில் தோற்றார். பக்கத்துத் தொகுதிக் கூட்டணிக்காரர் அதைவிடக் கொஞ்ச ஓட்டில் ஜெயித்தார். மறுநாளே சால்வையோடு வீட்டுக்கு வந்து, "அண்ணே, உங்க மாமியார் ஊரு ஓட்டுப் பொட்டிதாண்ணே என்னைக் கரையேத்துச்சு. இப்படி ஒரு தியாகத்தை நான் பாத்ததே இல்ல" என்று மச்சானைக் கட்டிக்கொண்டார். அக்கா அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

அவர் போனதும் மச்சான் காலில் விழப் போனேன். தடுத்துவிட்டார்.

"விடு மாப்ள. ஓட்டே இல்லாத சனம் எனக்கு அம்புட்டு மாலை போட்டுச்சு. ஓட்டு இருக்கவன் எவன் போட்டான்?"

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இதற்குத்தான் அழுகை வந்தது.

அந்த எம்.பி. நன்றி மறக்காதவர். தீபாவளிக்குத் தீபாவளி டெல்லியிலிருந்து ஒரு பெரிய இனிப்புப் பெட்டி வந்துவிடும். அக்கா அதை யாரையும் பிரிக்க விடமாட்டாள். நான் வரும்வரை வைத்திருந்து, எல்லோரும் பார்க்க, முதல் துண்டை என் கையில்தான் கொடுப்பாள்.

"சாப்பிடு தம்பி. நீ ஜெயிக்க வச்ச எம்.பி. அனுப்புனது."