ஹம்சாவை மெல்பேர்னுக்கு எடுக்க வேண்டாம்

பென்டில் ஹில்,
ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு.

அன்புள்ள மச்சான் யோகராசா அறிய, உமது அத்தான் வரதராஜா எழுதிக்கொள்வது. நானும் உமது அக்கா நேசமலரும் இங்கே சுகம். அக்காவின் இரத்த அழுத்தம் நான் வீட்டில் இல்லாத நேரங்களில் மிகவும் நன்றாக இருக்கிறது. மெல்பேர்ன் குளிரில் நீரும் விமலாவும் முழங்கால் வலி இல்லாமல் இருக்க எல்லாம் வல்ல முருகப்பெருமான் அருள் புரிவாராக.

நிற்க. நீர் புதன்கிழமை தொலைபேசியில் கேட்ட கேள்விக்கு அப்போது பதில் சொல்ல முடியாமல் போனதற்கு மன்னிக்கவும். உமது டண்டினோங் கழகம் எங்கள் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஹம்சாவைக் கிழமைக்கு எண்ணூறு டொலரும் ஓடுவதற்கு ஒரு காரும் கொடுத்து எடுக்கப்போகிறது என்றும், "ஆள் எப்பிடி அத்தான், நம்பலாமோ?" என்றும் கேட்டீர். நான் "ஓம், ஓம், மழைதான்" என்று சொல்லி வைத்துவிட்டேன். ஏனென்றால் அந்த நேரம் ஹம்சா எனக்குப் பக்கத்தில் நின்றாள், நான் அவளுடைய மாமனாரைக் கண் டொக்டரிடம் கூட்டிப்போகக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தேன். ஒரு கழகத் தலைவன் பயிற்சியாளரின் மாமனாரை ஏன் ஏற்ற வேண்டும் என்று நீர் கேட்பீர். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். தயவுசெய்து முழுவதையும் வாசித்துவிட்டு உமது கமிட்டிக்குப் போம்.

எங்கள் கழகத்தில் பதினாலு வயதுக்கு உட்பட்ட பெண்பிள்ளைகளின் அணி ஒன்று இருப்பது உமக்குத் தெரியும். என் பேத்தி சஜிதா அதில் விளையாடுகிறாள். முன்பு பயிற்சி கொடுத்தவர் எங்கள் பொருளாளர், பலசரக்குக் கடைச் சிறி. ஊரில் அக்காமார் விளையாடிய வலைப்பந்தைப் பார்த்து வளர்ந்தவர். "ரெண்டும் ஒண்டுதான் அண்ணை, இதில பின்னால ஒரு பலகை இருக்கு, அவ்வளவுதான்" என்றார். நானும் நம்பினேன். வலைப்பந்தில் பந்தைப் பிடித்தவள் நின்ற இடத்திலேயே நிற்கவேண்டும் என்பதால் எங்கள் பிள்ளைகளும் பந்தைப் பிடித்துப் பிடித்து நின்றார்கள், எதிரணிப் பிள்ளைகள் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். நான்காவது ஆட்டத்தில் ஐம்பத்தெட்டுக்கு இரண்டு என்று தோற்றோம். அந்த இரண்டும் எதிரணிப் பிள்ளை ஒருத்தி பக்கம் மாறிப் போட்டுத் தந்தது. ஆட்டம் முடிய நடுவர் என்னிடம் வந்து, பிள்ளைகளுக்குக் காலில் ஏதும் வருத்தமா என்று மிகவும் அன்பாக விசாரித்தார். அன்றைக்குத்தான் வெளியில் ஆள் எடுப்பது என்று முடிவு செய்தோம்.

அப்படி வந்தவள்தான் ஹம்சா. திருச்சிப் பிள்ளை. பல்கலைக்கழக அணிக்குத் தலைவியாக இருந்தவள், இங்கே பரமட்டாவில் கம்பியூட்டர் வேலை. சிறியின் கடைக்குப் பின்னால், அரிசி மூட்டைகளுக்கு நடுவில், நேர்முகப் பரீட்சை நடந்தது. நான் பதினொரு கேள்விகள் எழுதிக்கொண்டு போயிருந்தேன். அதில் ஒன்பது விசுவாசம் பற்றியவை, ஏனென்றால் கூடைப்பந்து பற்றி எனக்கு இரண்டு கேள்விக்கு மேல் வரவில்லை. "உங்கட குடும்பத்தில ஆரும் வேலையை இடையில விட்டவையோ?" என்று கேட்டேன். "எங்க தாத்தா ஒரே போஸ்ட் ஆபீஸ்ல முப்பத்தெட்டு வருஷம் இருந்தாரு அங்கிள்" என்றாள். சிறி என் காதுக்குள் "எடுப்பம் அண்ணை" என்றார். நான் விடவில்லை. "வேற கழகம் கூடச் சம்பளம் தாறன் எண்டு கூப்பிட்டால் எங்களை விட்டிட்டுப் போவியளோ?" என்று கேட்டேன். "உங்களை விட்டுட்டெல்லாம் போகமாட்டேன் அங்கிள்" என்றாள். அதை அப்படியே தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினோம். கழகத்துக்கு முத்திரை இல்லாதபடியால் சிறி தன் கடை முத்திரையைக் குத்தினார். கிழமைக்கு நூறு டொலர் என்று பேச்சு.

பொய் சொல்லக் கூடாது, பிள்ளைகள் ஓடத் தொடங்கினார்கள். ஒரு மாதத்தில் ஒரு ஆட்டம் வென்றோம், பிறகு தொடர்ந்து ஐந்து வென்றோம். காலையில் எழும்ப மாட்டேன் என்று அழுத சஜிதா ஆறு மணிக்கே காரடியில் நின்று என்னை அவசரப்படுத்தினாள். அந்த நேரத்தில்தான் ஹம்சா ஒருநாள் வந்து, பிளாக்டவுன் கழகம் முந்நூறு டொலர் தருவதாகக் கூப்பிட்டிருக்கிறது, உங்களிடம் சொல்லாமல் இருக்க மனசு வரவில்லை என்றாள். பெட்டியில் அவ்வளவு காசு இல்லை. சிறிதான், "காசைத் தவிர வேற என்ன வேணுமெண்டாலும் கேளுங்கோ பிள்ளை" என்று வாயை விட்டார். அவள் கொஞ்சம் யோசித்து, வீட்டில் புல்லு வெட்ட நேரமே கிடைக்கவில்லை என்றாள்.

அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமைகளில் நான் அவள் வீட்டுப் புல்லு வெட்டினேன். பிளாக்டவுன்காரர் விடவில்லை, அவர்களும் ஏதோ வேலைக்கு ஆள் அனுப்புவதாகச் சொன்னாள். உடனே நாங்கள் மாமனாரின் டொக்டர் பயணங்களைப் பொறுப்பெடுத்தோம். கிருஷ்ணசாமி ஐயா என்ற அந்த மனிசனுக்குப் பலகையில் காய் சுண்டும் கரம் விளையாட்டில் பைத்தியம், ஆனால் தோற்றால் இரண்டு நாள் சாப்பிடமாட்டார். ஆகவே வியாழக்கிழமை தோறும் சிறி போய் அவரிடம் தோற்கவேண்டும் என்று ஒப்பந்தமானது. சிறி லண்டனில் மூன்று வருடம் தொடர்ந்து கரம் கிண்ணம் எடுத்தவர். வேண்டுமென்று பிழையாக அடித்து அடித்து இப்போது அவருக்கு உண்மையாகவே அடிக்க வரவில்லை. இரண்டாம் மாதம் உமது அக்காவும் உள்ளே இழுக்கப்பட்டாள். கிழமைக்கு இரண்டு தரம் பலாக்காய்க் கறி. "எனக்கு ஒருநாள் இப்பிடிச் சமைக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறியளே, அந்தப் பிள்ளைக்கு எண்டால் மட்டும் குசினிக்குள்ள வந்து நிக்கிறியள்" என்று இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறாள்.

இனித்தான் விஷயம். நான் புல்லு வெட்டும் செவ்வாய்க்கிழமைகளில் என் வயதில் ஒருவர் ஏணி வைத்து ஏறி, மழைத்தண்ணி ஓடும் கூரைப் பீலியில் இலை அள்ளுவார். நரேன் என்று பெயர். கூலிக்கு வந்த ஆள் என்று நான் நினைத்தேன், அவரும் என்னை அப்படித்தான் நினைத்திருக்கிறார். நல்ல மனிசன். நான் ஏணியைப் பிடிப்பேன், அவர் புல்லு மூட்டையைத் தூக்கித் தருவார், பிறகு இரண்டு பேரும் வாசல் படியில் இருந்து என் பிளாஸ்கில் தேத்தண்ணி குடிப்போம். நான்காவது செவ்வாய், "இந்த வயசில ஏன் அண்ணை கூலி வேலைக்கு வாறியள், பிள்ளையள் பாக்கிறேல்லையோ?" என்று இரக்கப்பட்டுக் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. "கூலி இல்லை, இது எங்கட கோச்சின்ர வீடு" என்றேன். அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "எங்கட கோச்சின்ர வீடு" என்றார். அவர் பிளாக்டவுன் கழகத் தலைவர்.

இரண்டு பேரும் அப்படியே, அவர் தலையில் இலையும் என் காலில் புல்லுமாக, கதவைத் தட்டினோம். ஹம்சா வந்தாள். "நீர் அவைக்கும் பழக்கிறீரோ?" என்று கேட்டேன். "ஆமா அங்கிள். உங்களுக்கு சனி, ஞாயிறு. அவங்களுக்கு புதன், வெள்ளி" என்றாள், கோயில் பூசை நேரம் சொல்வதுபோல. "விட்டிட்டுப் போகமாட்டன் எண்டு கையெழுத்து வைச்சனீர்." "போகலையே அங்கிள். ஒரு பிராக்டிஸ் விட்டிருக்கேனா? அவங்களையும் சேர்த்துப் பார்த்துக்கக்கூடாதுன்னு நீங்க கேட்கவே இல்லையே." பதினொரு கேள்வியில் அது இல்லைதான். நரேன் தன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அதிலும் அதே வசனம், அதே கையெழுத்து. அவர்கள் கழகத்துக்கு உண்மையான முத்திரை இருக்கிறது.

விதி என்னவென்றால், இறுதி ஆட்டத்தில் எங்கள் அணியும் பிளாக்டவுனும் மோத வேண்டி வந்தது. ஹம்சா தன் கதிரையைப் புள்ளி எழுதுபவர்களின் மேசைக்குப் பக்கத்தில், சரி நடுவில் போட்டு இருந்தாள். எங்கள் பிள்ளைகள் ஆட்டத்தை நிறுத்தி நேரம் கேட்டால் இந்தப் பக்கம் எழும்பி வருவாள், அவர்கள் கேட்டால் அந்தப் பக்கம் போவாள். நான் சஜிதாவைக் கூப்பிட்டு, "அங்க போய் எங்கட திட்டத்தை எல்லாம் சொல்லுறா போல, கவனம்" என்றேன். அவள், "அம்மப்பா, வீ ஓல் நோ த சேம் ப்ளேஸ். சில்" என்றாள். இரண்டு அணிக்கும் ஒரே திட்டம் என்றால் ஆட்டம் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாரும். இவர்கள் எங்கே போடுவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும், அவர்கள் எங்கே மறிப்பார்கள் என்று இவர்களுக்குத் தெரியும். அரைவாசி நேரத்தில் நாலுக்கு நாலு. பிள்ளைகள் சிரித்துச் சிரித்து விளையாடினார்கள், நானும் நரேனும்தான் வியர்த்துக்கொண்டு நின்றோம்.

கடைசி நிமிடத்தில் ஹம்சா பிளாக்டவுன் பிள்ளை ஒருத்தியின் முதுகில் தட்டினாள். நான் எழும்பி, "அது எங்கட தட்டு" என்று கத்திவிட்டேன். நரேன், "முந்நூறு டொலர் குடுக்கிறது நாங்கள்" என்றார். நான் அவர் சட்டையைப் பிடித்தேனா, அவர் என் சட்டையைப் பிடித்தாரா என்பது இன்றுவரை தெளிவில்லை. அறுபத்தேழு வயதில் இரண்டு கழகத் தலைவர்கள் மண்டபத்தை விட்டு வெளியேற்றப்பட்டோம். கண்ணாடிக் கதவுக்கு வெளியே இருவரும் மூக்கை வைத்துப் பார்த்தோம். புள்ளிப் பலகை தூணுக்குப் பின்னால். சஜிதா தனியாகக் கோட்டில் நின்று பந்தை எறிந்தது தெரிந்தது. அது விழுந்ததா என்று தெரியவில்லை. இரண்டு அணியும் ஒரே நேரத்தில் ஓடிப்போய் ஹம்சாவைக் கட்டிப்பிடித்தன. என் பேத்தி என்னைத் தேடவும் இல்லை. அதுதான் எனக்குச் சரியாகச் சுட்டது மச்சான், வேறொன்றும் இல்லை. நாங்கள் ஒரு புள்ளியால் வென்றோம் என்பதை நரேன்தான் யாரிடமோ கேட்டு வந்து, அழாக்குறையாகச் சொன்னார்.

ஆகவே உமக்கு என் அறிவுரை இதுதான். அந்தப் பிள்ளையை எடுக்க வேண்டாம். எண்ணூறு டொலர் என்பது தொடக்கம். இன்றைக்குக் கார் கொடுப்பீர், நாளைக்கு அதைக் கழுவுவீர். விசுவாசம் பற்றி எத்தனை கேள்வி கேட்டாலும் நீர் கேட்காத கேள்வி ஒன்று மிச்சம் இருக்கும். உமது முழங்காலுக்கு ஏணி ஒத்துவராது. பயிற்சியாளர் ஒருவருக்கு இவ்வளவு கொடுப்பது சமூகத்துக்கே கேடு என்று நான் சொன்னதாக உமது கமிட்டியில் வாசித்துக் காட்டும்.

விமலாவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பும் ஆசியும். அக்கா உம்மைச் சீனி குறைக்கச் சொல்கிறாள். எல்லாரும் நோய்நொடி இன்றி இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உமது அத்தான்,
வரதராஜா.

பி.கு.: கடிதத்தை உறையில் போடும்போது ஹம்சா வந்தாள். உமது கழகத்துக்கு வருவதாக நேற்றே சொல்லிவிட்டாளாம். மெல்பேர்னில் துணைப் பயிற்சியாளர் ஒருவர் தேவை, பிள்ளைகளின் ஆட்டத்தைக் கண் வெட்டாமல் பார்க்கிற ஆள் உங்களைவிட வேறு யார் அங்கிள் என்றாள். நான் யோசிக்கக்கூட இல்லை, ஓம் என்றுவிட்டேன். சனிக்கிழமை காலை விமான நிலையத்துக்கு வாரும். மேலே எழுதியதை எல்லாம் கிழித்துவிட்டு, அவளைப் போல நம்பிக்கையான பிள்ளை அவுஸ்திரேலியாவிலேயே இல்லை என்று கமிட்டியில் சொல்லும். என் சம்பளம் பற்றி நேரில் கதைப்போம். உமக்குப் பக்கத்து ஸ்பிரிங்வேல் கழகத்தாரும் என்னுடன் கதைத்தவர்கள், அவர்களுக்கு நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.