ஒளியை முந்திய கல்லூரி

பூட்டையும் பிரியாணியையும் தவிர உலகத்துக்குத் திண்டுக்கல் எதைக் கொடுத்தது என்று கேட்டுத் திரியும் அற்பர்களுக்காக இதை எழுதுகிறேன். 2001ஆம் ஆண்டு மார்ச் மாதம், ஒரு வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு, எங்கள் கல்லூரியில் ஒளியின் வேகம் முறியடிக்கப்பட்டது. அலுவலகக் கண்காணிப்பாளர் பொம்மையன் ஆகிய நான் அதற்கு நேரடிச் சாட்சி. வந்தவர்களுக்குக் கேசரி ஏற்பாடு செய்தவனும் நானே.

வெளிநாட்டில் யாரோ ஒளியை முந்திவிட்டதாகப் பேப்பரில் படித்ததிலிருந்து எங்கள் தாளாளருக்குச் சோறு இறங்கவில்லை. "அவங்க முந்துவாங்க, நாம வேடிக்கை பாக்கணுமா?" என்றார். உடனே ‘ஒளி முந்தல் உயர்மட்டக் குழு’ அமைந்தது. குழு நான்கு முறை கூடி, ஒளியை முந்துவது என்று ஏகமனதாகத் தீர்மானித்தது.

மற்றதெல்லாம் சில்லறை வேலை. இயற்பியல் பேராசிரியர் பிரான்சிஸ் மொட்டை மாடியில் ஒரு கருவியும், நேர் கீழே தரைத்தளத்தில் ஒரு கருவியும் வைத்தார். வானத்திலிருந்து சதா பொழியும் துகள்கள் இரண்டையும் ஊடுருவிப் போகும். இரண்டின் வயர்களும் ஒரு பெட்டிக்கு வரும். எதை எப்போது கடந்தது என்று பெட்டி காட்டும். நிருபர்கள் முன்னிலையில் காட்டியது. துகள் மாடிக்கு வருவதற்கு முன்பே தரைத்தளத்துக்கு வந்துவிட்டது!

"காரணத்துக்கு முன்னாடியே காரியம் நடந்திருக்கு!" என்று பிரான்சிஸ் தழுதழுத்தார். "சாப்பிடறதுக்கு முன்னாடியே ஏப்பம் வந்த மாதிரி!"

தாளாளர் தன் கழுத்து மாலையைத் தானே சரிசெய்துகொண்டார். அப்போதுதான் ஆனந்தமேரி வாயைத் திறந்தார்.

ஆனந்தமேரி ஆய்வக உதவியாளர். ஒன்பது வருடம் பதினோரு மாதமாகத் ‘தற்காலிகம்’. ஏப்ரல் முதல் தேதி வந்தால் பத்து வருடம் நிறையும். நிறைந்தால் வேலை நிரந்தரம் என்பது கல்லூரி விதி. புருஷன் போன வீட்டில் இரண்டு பெண்களின் படிப்பு அந்த ஒரு தேதியை நம்பி இருந்தது.

"சார், மாடி வயரு இங்கன ஆடுது சார். பொங்கலுக்கே எழுதிக் குடுத்தேன். செத்த நேரம் இருங்க" என்று, பெட்டியில் அந்த வயர் சேரும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். துகள் மரியாதையாக மாடிக்கு முதலில் வந்து, கீழே பிறகு வந்தது. விரலை எடுத்தார், ஒளியை முந்தியது. அழுத்தினார், அடங்கியது.

"விரல எடும்மா!" என்றார் தாளாளர்.

"எடுத்தா பொய்யி வருது சார்."

"விஞ்ஞானம் வருதும்மா!"

"இல்ல சார், வயரு லூசு. மாடிச் சேதி லேட்டா வருது. அம்புட்டுத்தேன்."

நிருபர்கள் பேனாவை மூடினார்கள். நான் கேசரியைக் கொஞ்சம் அவசரமாகப் பரிமாறினேன்.

அரை மணி நேரத்தில் ஆனந்தமேரியின் கையில் பணிநீக்க உத்தரவு இருந்தது. எங்கள் நிர்வாகத்தின் சுறுசுறுப்பை நீங்கள் மெச்ச வேண்டும். காரணம்: ‘அரிய கருவியின் மீது கட்டைவிரல் வைத்து விஞ்ஞான வளர்ச்சிக்கு ஊறு விளைவித்தமை.’ அவர் அழவில்லை. ஒரு தடவை படித்தார், மறுபடி படித்தார், நேரே என் மேசைக்கு வந்தார்.

"அண்ணே, நான் விரல வச்சது இன்னைக்குத்தான?"

"ஆமாம்மா."

"இன்னைக்கு வியாழக்கிழமை. ஆர்டர்ல திங்கக்கிழமை தேதி போட்டிருக்கே?"

அதைத் திங்கட்கிழமை டைப் அடித்தவன் நான். பத்து வருடம் நிறைய விடக்கூடாது என்பது தாளாளர் கட்டளை. ‘காரணம்’ என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டு, அவர் கையெழுத்தோடு, என் டிராயரில் மூன்று நாள் வைத்திருந்தேன். வியாழக்கிழமை காரணம் கிடைத்தது. கேசரி வேலையில் தேதியை மாற்ற மறந்துபோனேன்.

ஆனந்தமேரி தாளை நாலாக மடித்து, டிபன் பாக்ஸோடு பைக்குள் வைத்துக்கொண்டு போனார். என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

பேராசிரியர் சொன்னதில் பிழையில்லை. எங்கள் கல்லூரியில் காரணத்துக்கு முன்னாடியே காரியம் நடக்கிறது. என் கையாலேயே நடத்தியிருக்கிறேன். இந்தச் சோதனையில் மட்டும் எந்த வயரும் லூசாக இல்லை.