சமாதானம் செய்துவைத்த சண்டை

மூன்றாம் நம்பர் மெஷின் கத்த ஆரம்பித்ததும் நர்ஸம்மா ஓடி வந்தார்.

"பிரஷர் ஏறிப்போச்சு! இன்னிக்கு என்னத்துக்குடா?"

"மூணு ஒண்ணா, இல்ல ஒண்ணு மூணான்னு பேசிக்கிட்டு இருந்தாங்கம்மா."

"எது, மாத்திரையா?"

"இல்லம்மா, கடவுள்."

பதில் சொன்னவன் சமாதானம். அந்த டயாலிசிஸ் கூடத்துக்கு அவன் புதிய உதவியாளன். ஊர் விட்டு ஊர் வந்து, ஓர் ஒற்றை அறையில் தங்கி, போர்வை மடிப்பது, எடை பார்ப்பது, நோயாளிகளை நாற்காலியில் ஏற்றி இறக்குவது என்று காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கும் அம்மா அப்பா ஆசையாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். எங்கே இரண்டு பேர் குரல் உயர்ந்தாலும் நடுவில் போய், "சரி விடுங்க, சமாதானமாப் போவோம்" என்பான். அதனால் வந்த வாரமே அந்தப் பெயர் போய்விட்டது. இதுவரை அவன் தீர்த்துவைத்த சண்டைகளில் பாதி வளர்ந்திருக்கின்றன, மீதி இடம் மாறியிருக்கின்றன.

கூடத்தில் வரிசையாகச் சாய்வு நாற்காலிகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு மெஷின். கையில் ஊசி ஏறினால் நான்கு மணி நேரத்துக்கு அசையக்கூடாது. ரத்தம் குழாய் வழியாக மெஷினுக்குள் போய், சுத்தமாகித் திரும்பி வரும். வாரத்துக்கு மூன்று தடவை இப்படி. தண்ணீர்கூட அளந்துதான் குடிக்க வேண்டும். வாய்க்கு இருக்கும் ஒரே வேலை பேச்சு.

அந்த வேலையை மூன்றாம் நம்பரும் நான்காம் நம்பரும் மற்ற எல்லாருக்கும் சேர்த்துச் செய்தார்கள்.

மூன்றாம் நம்பர் டெய்லர். ஒல்லியான உடம்பு, மூக்கு நுனியில் கண்ணாடி. நான்காம் நம்பர் டிரைவர். தொப்பை, கனத்த குரல். டெய்லர் பேசுவது இஸ்லாம் பக்கம். டிரைவர் பேசுவது கிறிஸ்தவப் பக்கம். ஊசி ஏறிய மறு நிமிடம் ஆரம்பித்தால், ஊசியைக் கழற்றிப் பஞ்சு வைக்கும்வரை ஓயாது.

அன்றைக்கு மெஷினைக் கத்தவைத்தது இதுதான்.

"யோவ் டெய்லரு, நான் சொந்தமா மினி பஸ் ஓட்டினப்ப ஓனரும் நானே, டிரைவரும் நானே, கண்டக்டரும் நானே. அதுக்காக முன் சீட்டுல மூணு பேரு உக்காந்திருந்தாங்கன்னு சொல்லுவியா?"

"சொல்ல மாட்டேன்யா. ஆனா அந்தக் கண்டக்டர் டிரைவரைப் பாத்து 'அப்பா'ன்னு கூப்பிட்டா, நான் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கிடுவேன்."

டிரைவர் வசமாக மாட்டிக்கொண்டார். ஆனால் முகமெல்லாம் சிரிப்பு. இது சமாதானத்துக்கு விளங்காத ஒரு வினோதம். இவர்கள் வாதத்தில் மாட்டிக்கொள்கிறவருக்குத்தான் முகம் மலரும். ஜெயித்தவர் என்னமோ நஷ்டப்பட்டவர் மாதிரி உட்கார்ந்திருப்பார்.

"பாய், ஐஸ் கட்டி வேணுமா?" என்றான், டெய்லரைச் சாந்தப்படுத்த.

"குடு" என்று இரண்டு பேருமே கை நீட்டினார்கள்.

டிரைவருக்கும் தாகம் போலிருக்கிறது என்று ஆளுக்கு ஒன்று கொடுத்தான்.

ஐந்தாம் நம்பரில் ரிட்டயரான கணக்கு வாத்தியார் இருந்தார். அவருக்குத் தூக்கம் வேண்டும். கண்ணை மூடியபடியே சொன்னார், "நர்ஸம்மா, மூணும் ஒண்ணும் சமம்னு பக்கத்துல ஒருத்தர் கத்திக்கிட்டு இருந்தா எனக்கு எப்படித் தூக்கம் வரும்? நாப்பது வருஷம் நான் சொல்லிக்குடுத்தது என்ன ஆகுறது?"

நர்ஸம்மா சமாதானத்தை ஓரமாக அழைத்தார்.

"இது பெரிய டாக்டர் காதுக்குப் போனா ரெண்டுல ஒருத்தரை வேற ஆஸ்பத்திரிக்கு மாத்திடுவாரு. வயசான காலத்துல எங்க போய் அலைவாங்க? நீயே ஏதாவது ஒரு வழி பண்ணு."

"என்கிட்ட விட்டுடுங்கம்மா" என்றான் சமாதானம். அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தால் என்ன நடக்கும் என்று நர்ஸம்மாவுக்கு அப்போது தெரியாது.

அடுத்த தடவை டிரைவரைக் கூடத்தின் கடைசியில், ஜன்னல் ஓரம் போட்டான். இடையில் ஏழு நாற்காலி. பத்து நிமிடம் அமைதி. பிறகு ஜன்னல் பக்கமிருந்து குரல் கிளம்பியது, பஸ் ஸ்டாண்டில் ஊர் பேர் சொல்லிக் கூப்பிடுகிற குரல்.

"யோவ் டெய்லரு! மரியாள்கிட்ட சேதி கொண்டு வந்தது யாரு?"

"ஜிப்ரீல்! எங்க பக்கமும் அவருதான்! மர்யம் பேருல எங்க வேதத்துல ஒரு அத்தியாயமே இருக்கு, தெரியுமா?"

"எங்க பக்கம் அவரு பேரு கபிரியேல்! மத்தேயு எழுதி வச்சிருக்காரு!"

"மத்தேயு இல்லய்யா, லூக்கா! லூக்கா!"

"அப்ப ரெண்டு வீட்டுக்கும் ஒரே தபால்காரருதானா?" என்றார் நடுவில் படுத்திருந்த ஒரு காய்கறிக்கடைக்காரர்.

அவ்வளவுதான். இதுவரை இரண்டு பேர் சண்டையாக இருந்தது கூடத்துச் சண்டையாகிவிட்டது. ஆளுக்கு ஒரு பக்கம் சேர்ந்துகொண்டார்கள். தபால்காரர் ஒன்று, சரி, கொண்டுவந்த கடிதம் ஒன்றா என்று ஒருவர். உலகம் முடியும்போது திரும்பி வரப்போகிறவர் மரியாள் மகன்தான் என்று இரண்டு பக்கமும் சொல்கிறதே, வந்ததும் அவரிடமே கேட்டுவிடலாமே என்று இன்னொருவர். "அதுவரைக்கும் ஒழுங்கா டயாலிசிஸுக்கு வாங்கய்யா" என்று சமாதானம் கெஞ்சினான்.

டெய்லர் தலையைத் தூக்கி, "பிஸ்மில்லா..." என்று எதையோ ஓத ஆரம்பித்தார்.

"கடைசியில ஹ் வரணும்! ஹ் எங்கய்யா?" என்று ஜன்னலோரத்திலிருந்து பாய்ந்தது குரல்.

சமாதானம் அசந்து போனான். எதிர்க்கட்சியின் புத்தகத்தையும் கரைத்துக் குடித்திருக்கிறார்களே! இது சாதாரண விரோதம் இல்லை.

நான்கு மெஷின் ஒன்றாகக் கத்தின. நர்ஸம்மா சமாதானத்தைப் பார்த்த பார்வையில் ஐந்தாவதும் கத்தியிருக்கும்.

"இனிமே நம்ம பேச்சுக்கு அடங்க மாட்டாங்கம்மா. அவங்க அவங்க பெரியவங்க வந்து ரெண்டு நல்ல வார்த்தை சொன்னா அடங்கிடுவாங்க. நோயாளிங்களைப் பாக்கத்தான் வர்றாங்கன்னு கூட்டிட்டு வரேன்."

நர்ஸம்மா பாதி காதில் கேட்டுக்கொண்டே ஊசி எடுக்கப் போய்விட்டார்.

பாதிரியார் முதலில் வந்தார். பக்கத்துத் தெருச் சர்ச்சில் சைக்கிளை நிறுத்திவிட்டு நடந்தே வந்தார், நல்ல மனுஷன். அன்றைக்கு இரண்டு பேரையும் பழையபடி பக்கத்துப் பக்கத்தில் போட்டிருந்தான். பாதிரியார் வாசலில் தலை காட்டியதும் டெய்லர் போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டார். ஊசி ஏறிய கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

மதவெறி என்று நினைத்துக்கொண்டான் சமாதானம். முகத்தைக்கூடப் பார்க்க மாட்டேன் என்கிறாரே!

பாதிரியார் டிரைவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். டிரைவர் முதலில் நெளிந்தார். பிறகு பேச்சு சூடு பிடித்ததும், பாவ மன்னிப்புக்கு நடுவில் ஓர் ஆள் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு என்ன பதில் சொல்லலாம் என்று தானே எடுத்துக் கொடுத்தார்.

"நேரா கடவுள்கிட்ட சொல்லிடலாம்தான். ஆனா எதிர்ல ஒரு மனுஷன் உக்காந்திருந்தா தப்பு செஞ்சவனுக்குக் கொஞ்சம் வெக்கம் வருமில்ல, ஃபாதர்?"

பாதிரியார் மகிழ்ந்து போனார். "உங்களை மாதிரி நாலு பேர் எங்க சபையில இருந்தா போதும்" என்று சொல்லிவிட்டு, போர்வைக்குள் இருந்தவரையும் ஆசீர்வதித்துவிட்டுப் போனார். போர்வை கொஞ்சம் நடுங்கியது.

அடுத்த முறை இமாம் வந்தார். இப்போது டிரைவர் குறட்டை விட்டார். ஒரு நொடி முன்னால்தான் அரட்டை அடித்துக்கொண்டிருந்தவர், போர்வைக்குள்ளிருந்து இப்போது இரண்டு ஊருக்குக் கேட்கும் குறட்டை. டெய்லர் எழுந்து உட்கார முடியாமல் உட்கார்ந்து, நோயாளிக்கு நோன்பிலிருந்து விலக்கு இருக்கிறது, அதற்குப் பதில் ஓர் ஏழைக்குச் சாப்பாடு போடலாம், மனுஷன் கஷ்டம் தெரிந்து வைத்த சட்டம் அது என்று பேச, இமாம் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார்.

இமாம் போனதும் குறட்டை நின்றது.

"யாரைக் கேட்டுய்யா இவரைக் கூட்டிட்டு வந்தே?" என்று டிரைவர் சீறினார்.

"அன்னிக்கு அவரைக் கூட்டிட்டு வந்ததுக்கே உன்னைக் கேக்கணும்னு இருந்தேன்" என்றார் டெய்லர். "உயிரே போயிடுச்சு எனக்கு."

சமாதானத்துக்கு மனசே விட்டுப்போனது. ஒருவர் மதத்துப் பெரியவர் வந்தால் இன்னொருவருக்கு உயிர் போகிறதாம். இவ்வளவு வெறுப்பை வைத்துக்கொண்டு இரண்டு பேரை எப்படிப் பக்கத்தில் படுக்கவைப்பது? நேராக நர்ஸம்மாவிடம் போனான்.

"ஷிஃப்ட்டையே மாத்திடுவோம்மா. டெய்லர் பாய் சாயந்தரம் வரட்டும்."

நர்ஸம்மா அவசரத்தில் தலையாட்டினார்.

கூடம் அடங்கியது. மெஷின்கள் ஒழுங்காக ஓடின. கணக்கு வாத்தியார் ஆசைப்பட்ட அமைதி வந்துவிட்டது. ஆனால் அவர் தூங்கவில்லை. கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரத்தம் சுற்றும் பம்பின் சத்தம் மட்டும். வேலை முடிந்து சமாதானம் திரும்பிப்போகிற ஒற்றை அறையிலும் இப்படித்தான், பம்புக்குப் பதில் ஒரு மின்விசிறி. அந்த அறை இங்கேயும் வந்துவிட்டது போல அவனுக்கு இருந்தது.

டிரைவர் இரண்டு மணி நேரத்தில், "போதும், கழட்டு" என்றார்.

"இன்னும் பாதி இருக்குங்கய்யா."

"பாதி ரத்தம் சுத்தமாச்சுல்ல? அது போதும் எனக்கு."

டெய்லர் சாயந்தரம் வரவில்லை. அடுத்த முறையும் வரவில்லை. நர்ஸம்மா முகம் வெளிறிவிட்டது.

"சமாதானம், இது விளையாட்டில்ல. இன்னும் ஒரு தடவை விட்டா நெஞ்சுல தண்ணி கோத்துக்கும். ஆளு தங்க மாட்டாரு."

சமாதானம் உடனே போன் போட்டான். எடுத்தவர் டெய்லர்தான். மூச்சு வாங்கியது.

"பாய், ஏன் வரல?"

"வேணாம்பா. அங்க வந்து செவுத்தைப் பாத்துக்கிட்டுக் கிடக்கறதுக்கு, எங்க வீட்டுச் செவுத்தையே பாத்துக்கிட்டுக் கிடக்கறேன்."

"பாய், உயிருக்கு ஆபத்து பாய்!"

"இருந்து என்ன பேசப்போறேன், சொல்லு."

போன் வைத்துவிட்டார். சண்டையைத் தீர்க்கப்போய் ஆளையே தீர்த்துவிட்டோமே என்று சமாதானம் தலையில் அடித்துக்கொண்டான். நான்காம் நம்பரிலிருந்து டிரைவர் கூப்பிட்டார். குரலில் பழைய கனம் இல்லை.

"வரமாட்டேங்கிறானா?"

"ஆமாங்கய்யா."

டிரைவர் குழாயில் ஓடும் தன் ரத்தத்தையே பார்த்தார். பிறகு, "மறுபடி போடு. போட்டு என் வாய்கிட்ட வை" என்றார்.

மணி அடித்தது. அந்தப் பக்கம் எடுத்தார்கள். டிரைவர் பஸ் ஸ்டாண்டுக் குரலில் சொன்னார்:

"யோவ் டெய்லரு, ஆபிரகாம் மலைக்குப் பலி குடுக்கக் கூட்டிட்டுப் போன புள்ள ஈசாக்குதான்னு நீ ஒத்துக்கிட்டதா எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். பதில் இல்லாம ஓடிட்டான்னு சொல்லிட்டேன்."

போன் அதிர்ந்தது.

"எவன் ஒத்துக்கிட்டான்? இஸ்மாயீல்யா! இஸ்மாயீல்!"

"நேர்ல வந்து சொல்லு."

"மூணாம் நம்பரை எவனுக்கும் குடுக்காதே! சட்டை போட்டுக்கிட்டு வரேன்!"

வாடகைக் காரில் வந்து இறங்கினார். கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. வழக்கமாக வாசலோடு திரும்பிவிடும் அவர் மனைவி டெய்லரம்மா இன்று அவரைத் தாங்கிப் பிடித்து உள்ளேயே கொண்டுவந்தார். நர்ஸம்மா எதுவும் கேட்காமல் மூன்றாம் நம்பரில் படுக்கவைத்து ஊசி ஏற்றினார். மெஷின் ஓட ஆரம்பித்ததும் டெய்லர் கண்ணைத் திறந்து பக்கத்தில் பார்த்தார்.

"எங்க விட்டோம்?"

"மலை மேல" என்றார் டிரைவர். "கத்தி கையில இருக்கு."

"சரி, கத்தியை அப்படியே புடி. முதல்ல புள்ள யாருன்னு அளவெடுப்போம்."

ஐந்தாம் நம்பரில் கணக்கு வாத்தியார் தலையைத் திருப்பினார். "கொஞ்சம் சத்தமாத்தான் பேசுங்களேன். இந்தப் பக்கம் கேக்கல."

நர்ஸம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஷிஃப்ட் மாற்றியதை அடித்துவிட்டுப் பழையபடி எழுதச் சொன்னார்.

நடைபாதை பெஞ்சில் டெய்லரம்மா உட்கார்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். சமாதானம் அவருக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தான். உள்ளேயிருந்து இரண்டு குரலும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன.

"என்னை மன்னிச்சுடுங்கம்மா. ரெண்டு பேரும் ஒருத்தர் மதத்தை ஒருத்தர் வெறுக்கறாங்கன்னு நினைச்சு நான்தான் பிரிச்சேன். பாய் தன் மார்க்கத்துல இவ்வளவு பிடிப்பா இருக்கறவருன்னு தெரியாமப் போச்சு."

டெய்லரம்மா தம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவர் பாதியில் நிறுத்தினார்.

"யாரைத் தம்பி பாய்ங்கறீங்க?"

"நம்ம டெய்லர் பாயைத்தாம்மா."

அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் தண்ணீர் புடவையெல்லாம் சிந்தியது.

"அட கர்த்தாவே! ஆரம்பத்துல அவங்க அவங்க மதத்தைத்தான் பேசினாங்க தம்பி, ஒரே வாரத்துல முகம் பாக்காத அளவுக்குச் சண்டை. அப்புறம்தான் ஒருத்தர் மதத்தை இன்னொருத்தர் பேசறதுன்னு மாத்திக்கிட்டாங்க, இவரும் தோத்துடக் கூடாதுன்னு வீட்டுல உக்காந்து குர்ஆன் படிக்கறாரு... பாய் அதோ, அந்த டிரைவர் அண்ணன்!"